ஒரே ஒரு பிளக் பாயிண்ட் உள்ள வீட்டுக்கு ஒரு மடிக்கணினி

மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நான் போய் வரும், தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று; அந்த முன்னறையில் பெரும்பாலும் ஒரே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கும். போன ஆடி மாதத்தில் நான் உட்கார்ந்திருந்த வீட்டில், அந்த ஒன்றில் பேரனுடைய கைபேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்ற எண்பது வயது ஆச்சி ஒருவர், தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றித் தன் தாத்தா சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924-இல் வந்த வெள்ளம் அது. மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையையே அது அழித்துவிட்டது. கதை தண்டவாளத்தருகே வந்தபோது என் மடிக்கணினி பத்து விழுக்காடு என்று எச்சரித்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே ஆச்சி எழுந்து பேரனுடைய கைபேசியைப் பிடுங்கிவிட்டு, “நீ மாட்டு டீச்சரு, அவன் பெறவு ஏத்திக்கிடுவான்” என்றார். மாட்டினேன். கால் மணி நேரத்துக்குள் காற்றில் எங்கோ மரம் சாய்ந்து கரண்ட் போயிற்று. சிறிது நேரத்தில் என் திரையும் அணைந்தது. பேரனுக்கும் சார்ஜ் இல்லை, எனக்கும் இல்லை.

நான் மறையூர்ப் பக்கத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். விடுமுறை நாட்களில் தோட்டங்களுக்குப் போய், திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் மலையேறி வந்த குடும்பங்களின் நினைவுகளைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அடுத்த முறை போகும்போது சொன்னவருக்கே அதைப் படித்துக் காட்டித் திருத்தி வாங்குகிறேன். பதிவுக்குக் கைபேசி போதுமே என்று பலர் கேட்டார்கள். படித்துக் காட்டுவதும், “அப்படியில்ல, அது வேற கங்காணி” என்று அவர்கள் சொன்ன இடத்திலேயே திருத்துவதும், பழைய பதிவைத் தேடி எடுத்து ஒலிக்க விடுவதும் கைபேசித் திரையில் நடக்காது. ஆகவே எனக்கு வேண்டியது, தோளில் தொங்கவிட்டு லயத்துப் படிகளில் ஏறக்கூடிய, காலையில் முதல் பஸ் ஏறியது முதல் இருட்டும் வரை யாருடைய பிளக்கையும் கேட்காத ஒரு சிறிய கணினி. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940-இல் இயங்கத் தொடங்கியது இந்த மலையில்தான். 780 மெகாவாட் இடுக்கி மின்திட்டமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் தென்மேற்குப் பருவக்காற்று மரங்களைக் கம்பிமேல் தள்ளும் நாட்களில் இங்கு மின்சாரத்தை நம்பி ஒரு வேலையைத் தொடங்க முடியாது.

அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு நான்கு மாதம் இதைப் பற்றியே படித்தேன், அளந்தேன், கடைகளில் கேட்டேன். நான் அறிந்துகொண்டவற்றில் முதன்மையானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘எத்தனை மணி நேரம் தாங்கும்?’ என்று கடைக்காரரிடம் கேட்பதில் பயனில்லை. அதற்கு விடை கணினியில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, நாம் அதில் செய்யும் வேலையில் இருக்கிறது.

என் பழைய மடிக்கணினியின் பெட்டியில் பத்து மணி நேரம் என்று அச்சிட்டிருந்தது. தயாரித்தவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை, பெயரும் தேவையில்லை. ஆனால் அந்தப் பத்து எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். இத்தகைய கணக்குகள் பெரும்பாலும், திரையின் ஒளியைக் குறைத்து வைத்து, கணினியில் ஏற்கனவே உள்ள ஒரு வீடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டு எடுக்கப்படுபவை. வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே, கணினியின் மூளையான புராசசருக்குள் தனி உறுப்பு ஒன்று இருப்பதால், மற்ற பகுதிகள் ஏறக்குறைய உறங்கிக்கொண்டிருக்கும். பகல் வெளிச்சத்தில் வாசற்படியில் உட்கார்ந்து, திரை ஒளியை முழுமையாக ஏற்றி, மைக்கை மாட்டி, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் தட்டச்சு செய்பவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

பொருந்தக்கூடிய கணக்கு மிக எளியது. பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணி என்ற அலகில் சொல்வார்கள். மடிக்கணினியின் அடியிலோ, பேட்டரியின் மேலோ, விவரக் குறிப்பிலோ அது கட்டாயம் இருக்கும். நம் வேலை சராசரியாக எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்தால், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மணி நேரம் கிடைத்துவிடும். இழுவையை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். முழுதாக சார்ஜ் ஏற்றி, ஒயரைப் பிடுங்கிவிட்டு, வழக்கமாகச் செய்யும் வேலையை வழக்கமான வெளிச்சத்தில் சரியாக ஒரு மணி நேரம் செய்து, எத்தனை விழுக்காடு குறைந்தது என்று பார்த்தால் போதும். என் பழைய பேட்டரியில் 41 வாட்-மணி என்று எழுதியிருந்தது. ஆனால் கணினியிடமே பேட்டரி அறிக்கையைக் கேட்டபோது, மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் அது 33-ஆகச் சுருங்கியிருந்தது தெரிந்தது. ஒரு மணி நேரப் பதிவிலும் தட்டச்சிலும் 24 விழுக்காடு போயிற்று. அதாவது ஏறக்குறைய 8 வாட். 33-ஐ 8-ஆல் வகுத்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆச்சி வீட்டில் நடந்தது எதிர்பாராத விபத்தன்று. காலை ஏழு மணிக்கு நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோதே அந்த எண்களில் அது எழுதியிருந்தது.

இந்த வகுத்தலைத் திருப்பிப் போட்டால் வாங்க வேண்டியது எது என்பது தெரிந்துவிடும். எனக்கு எட்டு மணி நேரம் வேண்டும். லித்தியம் அயனி பேட்டரி எதுவாக இருந்தாலும் சில நூறு முறை ஏறி இறங்கிய பிறகு தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கையாவது இழந்துவிடும் என்று வைத்துக்கொள்வதே விவேகம். ஆகவே புதிதாக வாங்கும்போதே பத்து மணி நேரத்துக்குக் கணக்கிட வேண்டும். அதே 8 வாட் இழுவை தொடர்ந்தால் 80 வாட்-மணி பேட்டரி வேண்டும். சிறிய கணினிகளில் அவ்வளவு பெரிய பேட்டரி அரிது. இழுவையை 5 வாட்டுக்குக் கொண்டுவந்தால் 50 போதும். எனவே வழி இரண்டு: பெரிய தண்ணீர்த் தொட்டி, அல்லது சிறிய குழாய். விளம்பரங்கள் தொட்டியைப் பற்றியே பேசுகின்றன. நான் குழாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எழுத்து வேலையில் மின்சாரத்தை அதிகம் குடிப்பது பெரும்பாலும் திரைதான். 1983-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற சிறு கணினியைப் பற்றிப் படித்தபோது எனக்கு இது நன்றாகப் புரிந்தது. டார்ச் லைட்டில் போடும் சிறிய ஏஏ பேட்டரி நான்கு போட்டால் ஏறத்தாழ இருபது மணி நேரம் ஓடிய அந்தக் கணினியை, செய்தியாளர்கள் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் திரையில் வரிக்கு நாற்பது எழுத்தாக எட்டு வரிகள்தான் தெரியும். பின்னாலிருந்து விளக்கு எரியாது. இன்றைய திரைகளில் அந்தப் பின்விளக்கே மின்சாரத்தின் பெரும்பங்கை வாங்கிக்கொள்கிறது. என் பழைய கணினியில் ஒளியை முழுமையிலிருந்து பாதிக்குக் குறைத்ததும் இழுவை ஏறக்குறைய 2 வாட் இறங்கியது. ஓஎல்இடி திரைகள் கண்ணுக்கு மிக அழகு. ஆனால் அவற்றில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவதால், கறுப்பு நிறம் காட்டும்போது மிச்சப்படுத்துவதையெல்லாம் வெள்ளைத் தாளில் எழுதும்போது செலவழித்துவிடும். நான் நாள் முழுவதும் வெள்ளைத் தாளைப் பார்ப்பவள். மிகக் கூர்மையான திரையும், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையும் இதே காரணத்தால் எனக்கு வேண்டாதவை. ஆனால் முற்றிலும் மங்கலான திரையும் ஆகாது. வாசல் வெளிச்சத்தில் எழுத்துத் தெரியவில்லை என்றால் மிச்சம் பிடித்த மின்சாரத்தால் என்ன பயன்? பளபளப்பில்லாத, வெளிச்சத்தை எதிரொளிக்காத திரை, குறைந்த ஒளியிலேயே படிக்கத் தரும். நான் இரண்டு வகைத் திரைகளையும் கடை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி வெயிலில் வைத்துப் பார்த்த பிறகே இதை உறுதியாகச் சொல்கிறேன்.

புராசசர் விஷயத்தில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். இன்டெல், ஏஎம்டி பெயர்களின் இறுதியில் வரும் ‘யு’ என்ற எழுத்து பொதுவாக 15 வாட் வகையையும், ‘எச்’ என்ற எழுத்து 45 வாட் வகையையும் குறித்து வந்தன. இவை கடும் உழைப்பின்போது ஆகும் வெப்பக் கணக்குகள்; தட்டச்சு செய்யும்போது இரண்டுமே அதில் சிறு பகுதியைத்தான் இழுக்கும். இருந்தாலும் ‘எச்’ வகையோடு வரும் தனி கிராபிக்ஸ் அட்டையும் விசிறிகளும் சும்மா இருக்கும்போதே செலவு வைப்பவை, ஆகவே அவற்றை நான் பார்க்கவே இல்லை. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 புராசசரைக் கொண்டுவந்தபோதுதான் இந்தத் துறை உண்மையில் மாறியது. விசிறியே இல்லாத, 1.29 கிலோ எடையுள்ள மேக்புக் ஏர், 49.9 வாட்-மணி பேட்டரியைக் கொண்டே ஒரு முழு வேலை நாளைத் தாண்டியது. கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் கட்டமைப்பைச் சேர்ந்த சில்லு அது. 2024 ஜூனில் வந்த, குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் புராசசர் கொண்ட கணினிகளும் அதே கட்டமைப்புதான். அதே ஆண்டு செப்டம்பரில் இன்டெல் வெளியிட்ட லூனார் லேக் வகை, நினைவகத்தைப் புராசசரோடு ஒரே பொதியில் வைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. அதற்கு ஈடாக, வாங்கிய பிறகு நினைவகத்தைக் கூட்ட முடியாது. விசிறி இல்லாத கணினியில் எனக்கு இன்னொரு ஆசையும் இருந்தது: மெல்லிய குரலில் பேசும் வயதானவர்களின் பதிவில் விசிறியின் இரைச்சல் விழாது.

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சிக்னல் மெலிந்த இடத்தில் கைபேசியும் கணினியும் அதைத் தேடித் தேடியே பேட்டரியைக் கரைக்கும். லயத்துக்குள் போனதும் வைஃபையை அணைத்துவிடுகிறேன்; பின்னணியில் தானாக ஓடும் புதுப்பிப்புகளும் அதோடு நின்றுவிடும். தை மாதத்து விடியற்காலைக் குளிரில், புல்லில் உறைபனி படியும் நாட்களில், பேட்டரி வழக்கத்தைவிடக் குறைவாகவே தரும். பையைத் திண்ணையில் வைக்காமல் வீட்டுக்குள் வைத்தால் அது சரியாகிவிடும்.

இதுவரை சொன்னவை எந்த மொழிக்காரருக்கும் பொதுவானவை. இனிச் சொல்வதை நான் படித்த எந்த மதிப்புரையிலும் பார்த்ததில்லை. நான் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்பவள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட அந்த அமைப்பில், உயிரெழுத்துகள் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருகின்றன. ஆங்கிலத்தில் நிறுத்தக்குறிகளும் அடைப்புக்குறிகளும் இருக்கும் வலது ஓரத்து விசைகளில்தான் நமக்கு ச, ஞ, ந, ய, ழ ஆகிய எழுத்துகள் இருக்கின்றன. சிறிய மடிக்கணினியைச் செய்பவர்கள் இடம் போதாதபோது முதலில் கைவைப்பது அந்த ஓரத்தில்தான். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அரைக்காற்புள்ளி விசை ஒடுங்கிப்போனால் பெரிய நட்டமில்லை, ஆனால் நமக்கு ‘ந’ ஒடுங்கிப்போகும். 2007-இல் வந்த ஏசுஸ் ஈ பிசி போன்ற ஏழங்குல நெட்புக்குகளின் காலம் போய்விட்டாலும், பத்து, பதினோரு அங்குலக் கணினிகளில் அந்தக் குறை இன்னும் இருக்கிறது. உடுமலைப்பேட்டையில் ஒரு கடையில், எடையிலும் விலையிலும் மிகப் பிடித்துப்போன ஒரு பதினோரு அங்குலக் கணினியில் ‘நயம்’ என்ற சொல்லை நான்கு முறை அடித்துப் பார்த்தேன். நான்கிலும் சுண்டுவிரல் பிசகியது. பன்னிரண்டரை அங்குலத்துக்குக் கீழே போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். மற்ற தமிழ்99 பயனர்களும் கடையில் இந்த ஐந்து எழுத்துகளை அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பவர் பேங்கைச் சேர்த்துக்கொண்டால் போதாதா என்ற கேள்வியும் இருந்தது. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. அதைக் கணினிக்கு வேண்டிய 20 வோல்ட்டுக்கு உயர்த்துவதில் ஒரு பங்கு வெப்பமாகப் போய், 60 அளவில் நம் கைக்கு வரும். இது நல்ல துணைதான். ஆனால் யுஎஸ்பி-சி துளை இருக்கும் எல்லாக் கணினியும் அதன் வழியே சார்ஜ் ஏறாது. எல்லாப் பவர் பேங்கும் 20 வோல்ட் தராது. கைபேசிக்கென்று செய்தவை பலவும் 18 அல்லது 22.5 வாட்டோடு நின்றுவிடுகின்றன. யுஎஸ்பி-சி வழியே கூடுதல் மின்சாரம் தரும் பவர் டெலிவரி முறையில் 45 வாட்டாவது தருகிறதா என்பதைப் பெட்டியைத் திருப்பிப் படித்தே வாங்க வேண்டும். விமானத்தில் போகிறவர்கள், சிறப்பு அனுமதியின்றிக் கொண்டுபோகக்கூடிய எல்லை 100 வாட்-மணி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகு என் முன்னால் இரண்டே இருந்தன. ஒன்று மேக்புக் ஏர். விசிறி இல்லை, எடை குறைவு, தமிழ்99 அதிலேயே இருக்கிறது. ஆனால் புதிதாக வாங்கினால் விலை லட்சத்தைத் தொடும். பேட்டரி தளர்ந்தால் நானே மாற்றிக்கொள்ளவும் முடியாது. மறையூரிலிருந்து உடுமலைக்கோ மூணாறுக்கோ 40 கிலோமீட்டர் அளவில் போக வேண்டும். அங்கும் பழுது பார்ப்பவர் கிடைக்காமல் கொச்சிக்கோ கோவைக்கோ அனுப்பி வாரக்கணக்கில் காத்திருப்பது என்னால் ஆகாது. இன்னொன்று, 2017-இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்270, பழையது. பன்னிரண்டரை அங்குலத் திரை, வலது ஓரம் ஒடுங்காத விசைப்பலகை, யுஎஸ்பி-சி வழி சார்ஜ். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அதில் இரண்டு பேட்டரிகள்: உள்ளே 24 வாட்-மணிக்கு ஒன்று, பின்புறம் கையால் கழற்றி மாட்டக்கூடிய இன்னொன்று. பின்புறத்தில் 72 வாட்-மணி உள்ள பெரியதை மாட்டினால் இரண்டும் சேர்ந்து 96. உள் பேட்டரி தாங்கிக்கொண்டிருக்கும்போதே, கணினியை அணைக்காமல் பின் பேட்டரியைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். அந்த வரிசையில் அப்படிச் செய்ய முடிந்த கடைசிக் கணினி அதுதான்.

அதன் புராசசர் விண்டோஸ் 11-க்கு ஏற்கப்படாதது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பலருக்கு இது தடையாக இருக்கும், எனக்கு அப்படியில்லை. கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடம் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் மாநில அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தரும், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் எங்கள் வகுப்பறைகளில் நாள்தோறும் ஓடுகிறது. அதிலும் தமிழ்99 கிடைக்கிறது. மறையூர் ஆசிரியை ஒருத்தி பழைய கணினியைத் துணிந்து வாங்க முடிந்ததற்கு, பள்ளியில் பெற்ற அந்தப் பயிற்சியே காரணம் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

கோவையில் பழைய கணினி விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். விலை, புதிய கணினிக்கு ஆகும் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியது வெளித்தோற்றம் அன்று. பேட்டரி அறிக்கையில் வடிவமைத்த கொள்ளளவும், இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் அருகருகே இருக்கும், அவற்றை ஒப்பிட வேண்டும். கடையிலேயே பார்த்ததில் உள் பேட்டரி 24-க்கு 17 காட்டியது. பின் பேட்டரி செத்தே போயிருந்ததால் வேறு தேட வேண்டியிருந்தது. இணையத்தில் ஒருவரிடம் 72 வாட்-மணி என்று வாங்கியது, முழுதாக ஏற்றியும் பாதிதான் காட்டியது. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த பேட்டரி, பயன்படுத்தப்படாமலேயே மூப்படையும் என்பதை அதில்தான் கற்றுக்கொண்டேன். திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்குவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. இரண்டாம் முறை, தயாரித்த மாதம் எது என்று கேட்டு, படம் அனுப்பச் சொல்லி வாங்கினேன். அது 70 காட்டியது.

லினக்ஸில் மின்சேமிப்புக்கான டிஎல்பி என்ற மென்பொருளை நிறுவி, திரை ஒளியைப் பாதியில் வைத்து அளந்ததில், என் வேலைக்குச் சராசரி இழுவை 6 வாட். 87-ஐ 6-ஆல் வகுத்தால் பதினான்கு மணி நேரத்துக்கு மேல். கனம் ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கிறது. மேக்புக் ஏரைவிடச் சற்றே கூடுதல், லயத்துப் படிகளில் அது தோளுக்குத் தெரிகிறது. விசிறியும் உண்டு, ஆனால் பதிவின்போது பெரும்பாலும் சுழல்வதில்லை. வீட்டில் இருக்கும் நாட்களில், 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி வரம்பு வைத்திருக்கிறேன். முழுதாக ஏற்றிய நிலையில் வெப்பத்தில் கிடப்பதுதான் லித்தியம் பேட்டரியை வேகமாக மூப்படையச் செய்கிறது. தோட்டத்துக்குப் போகும் முந்தைய இரவு மட்டும் வரம்பை எடுத்துவிடுகிறேன்.

போன மாதம் மீண்டும் அதே லயத்துக்குப் போனேன். ஆச்சி என்னைக் கண்டதும் பேரனுடைய கைபேசியை எடுக்கப் போனார். “வேண்டாம் ஆச்சி, இதுல ராத்திரி வரைக்கும் இருக்கு” என்றேன். நம்பாமல் கணினியைச் சுற்றிப் பார்த்து, “ஒயரே இல்லியே” என்றார். முன்பு பாதியில் நின்ற பகுதியைப் படித்துக் காட்டினேன். தாத்தாவின் பெயரைத் தவறாக எழுதியிருந்ததைத் திருத்தினார். அங்கிருந்து தொடங்கி மாலை நான்கு மணி வரை சொன்னார். திரும்பும் பஸ்ஸில் பார்த்தபோது பின் பேட்டரியிலேயே கால் பங்குக்கு மேல் மிச்சம் இருந்தது. உள் பேட்டரியைத் தொடவே இல்லை. ஆனாலும் 17 வாட்-மணிக்கு இறங்கிவிட்ட அந்த உள் பேட்டரியையும் அப்படியே விட்டுவைக்க முடியாது. அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் நானே மாற்றிவிடலாம்; தயாரித்த மாதம் கேட்டுப் புதியது ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன், ஓண விடுமுறையில் மாற்ற வேண்டும்.